நண்பர் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டார்

நண்பன் சுத்தியல் மேடையில் முழங்கும்போது தலைவர் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். இது பல வருடத்து ஏற்பாடு. மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் கார் நிற்கும். கண்ணாடிகள் எல்லாம் ஏறியிருக்கும். ஏசி ஓடும். பழைய காதல் பாட்டு ஒன்று கொஞ்சம் சத்தமாகவே பாடும். நண்பன் பேசி முடித்துக் கீழே இறங்கிய பிறகுதான் டிரைவர் பாட்டை நிறுத்துவார், தலைவர் கதவைத் திறப்பார். மறுநாள் எந்த நிருபர் மைக்கை நீட்டினாலும் நேராகப் பார்த்து, "நான் அப்போ மேடையிலேயே இல்லையே, என் காதுல விழலையே" என்று சொல்லிவிடலாம். அதில் பொய் இல்லை பாருங்கள். பொய் சொல்லாமலே ஊரை ஏய்க்கத் தெரிந்தவனைத்தான் நாமும் கெட்டிக்காரன் என்று ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம்.

சுத்தியல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பேசப் பேச உள்ளங்கையால் மேஜையை அடித்துக்கொண்டே இருப்பான், அதில் ஒட்டிக்கொண்ட பெயர். கல்லூரி நாளில் தலைவரின் மண்டைக்கு வந்த இரும்புக் குழாயை நடுவில் புகுந்து தன் தலையில் வாங்கிக்கொண்டவன். இடது காது அன்றே போய்விட்டது. அப்படிப்பட்டவனைக் கைவிட முடியுமா? தலைவருக்குக் கைவிடும் உத்தேசமும் இல்லை. தலைவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். காலைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைச் சுத்தியல் சாயங்காலம் மேடையில் வசனமாக்குவான். பாம்பும் செத்தது, தடியும் உடையவில்லை.

சுத்தியல் இறங்கியதும் தலைவர் ஏறுவார். முதல் காரியமாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "நண்பர் கொஞ்சம் சூடாப் பேசிட்டார். அது அவரோட கருத்து. நான் ஏத்துக்கலை. நமக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்பார். கூட்டம் விசிலடித்துக் குலுங்கும். அவர் எவ்வளவு அழுத்தி மறுக்கிறாரோ அவ்வளவு அழுத்தமான சம்மதம் அது என்று கூட்டத்துக்குத் தெரியும். பாடம் எடுத்தவரே அவர்தான்.

சுத்தியலின் சூடு எப்போதும் அக்கரைக்காரர்கள் மேல்தான் விழும். தாத்தா காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இன்னும் அவர்களுக்கு அந்தப் பெயர்தான். பாலத்தடித் தெரு முழுக்க அவர்கள் கடைகள். செருப்பு, பூட்டு சாவி, பேட்டரி, ஃபிரிட்ஜ் ரிப்பேர். அந்த ஃபிரிட்ஜ் கடை தலைவருடைய சொந்தத் தங்கையின் கணவனுடையது. கீழே கடை, மேலே வீடு. அவள் ஆசைப்பட்டுச் செய்துகொண்ட கல்யாணம். அண்ணன் தடுக்கவில்லை. பின்னே? நிருபர்கள் நெருக்கும்போதெல்லாம், "என் கூடப்பிறந்தவளையே அக்கரைக்காரருக்குத்தானே கொடுத்திருக்கேன்! நானா அவங்களை வெறுக்கிறவன்?" என்று எடுத்து வீச ஒரு கல்யாணம் கையில் இருந்ததே. தங்கையும் தெருவில் யார் கேட்டாலும், "எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க. அந்தச் சுத்தியல்தான் வாய் நீளம்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினாள்.

அன்றைக்குக் கூட்டம் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, கடைவீதி முக்கில். தேர்தலுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சுத்தியல் என்ன பேசினான் என்பதைத் தலைவர் வழக்கம்போலக் கேட்கவில்லை. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு பாதியில் இருந்தபோது டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சார், ஜனங்க எழுந்து போறாங்க."

தலைவர் கதவைத் திறந்தார். நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. கூட்டம் பாலத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கொடிக் கம்பிலிருந்து கொடியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மேடையில் சுத்தியல் மட்டும் வியர்வை ஒழுக நின்று தண்ணீர் குடித்தான்.

"என்னடா சொன்னே?"

"எப்பவும் சொல்றதுதான். கூட ஒரு வரி. 'அவங்க ஷட்டரை அவங்களே இறக்கலைன்னா இன்னைக்கு நாம இறக்குவோம், உள்ளே ஆள் இருந்தாலும் சரி'ன்னேன். நீ மேலே வந்து தண்ணி தெளிப்பேன்னு பார்த்தேன். அதுக்குள்ள கிளம்பிட்டாங்க."

தலைவரின் போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, ஷட்டரைக் கடப்பாறையால நெம்புறாங்க. இவர் உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்துப் பிடிச்சிருக்கார். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா போயிடுவாங்க. சீக்கிரம் வா."

அவள் குரலில் பயம் இருந்தது, ஆனால் சந்தேகம் இல்லை. அண்ணன் வருவான், ஒரு வார்த்தை சொல்வான், போய்விடுவார்கள். தலைவர் காரைப் பாலத்துக்கு விரட்டச் சொன்னார்.

பாலத்தடித் தெருவுக்குள் கார் போக வழியில்லை. இறங்கி ஓடினார். தெருமுனையில் இன்ஸ்பெக்டர் தன் ஆட்களோடு ஜீப்பில் சாய்ந்து நின்றார். "மேலிருந்து உத்தரவு வரலை சார்" என்றார். அவருக்குப் பின்னால் செருப்புக் கடை எரிந்துகொண்டிருந்தது. தோலும் ரப்பரும் எரிகிற நாற்றம் தொண்டையை அடைத்தது. கடைக்காரரைக் கடைக்குள்ளிருந்த பெஞ்சாலேயே அடித்தார்கள். பெஞ்சுக் கால் முறிந்தது. முறிந்த காலை எடுத்துக்கொண்டு மறுபடி அடித்தார்கள். எதிர்க் கடையில் பூட்டுக்காரரைப் பலகையில் குப்புறத் தள்ளி, கையை நீட்டிப் பிடித்து, விரல்கள் மேல் பட்டறைக் கல்லைத் தூக்கிப் போட்டார்கள். அவர் கத்தின கத்தலை எழுதிக் காட்ட எழுத்து இல்லை. போட்டவனைத் தலைவருக்குத் தெரியும். போன மாதம் வீட்டுக்கு வந்து காலில் விழுந்து கல்யாணத்துக்கு அழைத்த பையன். நல்ல பையன் என்று அன்றைக்கு மனைவியிடம் சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியை நீட்டினார். "நீங்க சொல்லுங்க சார். எங்களை மதிக்க மாட்டாங்க."

தலைவர் ஜீப்பின் முன்பக்கம் ஏறி நின்றார். "நிறுத்துங்க! இது நான் சொன்னது இல்ல! இதை நான் ஏத்துக்கலை! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

தெருவே ஒரு விநாடி திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது. விசில் பறந்தது. கையில் குழாயோடு நின்ற ஒருவன் அவருக்குச் சலாம் போட்டான். "தெரியும் தலைவரே! நீங்க கேமராவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, நாங்க எங்க வேலையைப் பாக்கறோம்!"

அப்போதுதான் கவனித்தார். தொலைக்காட்சி நிருபர் பெண் ஒருத்தி, கேமராக்காரரோடு, கல்லுக்குப் பயந்து ஜீப்பை ஒட்டி நின்றாள். கேமரா அவரைத்தான் பார்த்தது.

"சத்தியமாச் சொல்றேன், நிறுத்துங்கடா!" என்று அலறினார். அலற அலறக் கைதட்டல் கூடியது. இருபது வருடமாக வேண்டாம் என்று சொல்லி வேண்டும் என்று புரியவைத்த வாய். இன்றைக்கு வேண்டாம் என்பதற்கு அதனிடம் வேறு சொல் இல்லை.

ஃபிரிட்ஜ் கடை ஷட்டர் கிழிந்து சுருண்டது. ரிப்பேருக்கு வந்திருந்த ஃபிரிட்ஜுகளை இழுத்து நடுத்தெருவில் கவிழ்த்தார்கள். அடுத்து மாப்பிள்ளையைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தலை படிக்கட்டில் இடித்து இடித்து வந்தது. அந்த மனிதன் எதிர்த்து ஒரு அடி அடிக்கவில்லை. கையில் ஸ்பேனர் இருந்தது, அதைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். மாடி ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து தங்கை கத்தினாள்.

தலைவர் கையில் ஒலிபெருக்கியோடு குதித்து ஓடினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். யாரோ ஓங்கிய கம்பு அவர் தோளில் பட்டது. பட்டதும், "அய்யோ, தலைவரே, ஓரமா நில்லுங்க, மேல பட்டுடப் போவுது" என்று பதறிக் கையைப் பிடித்து நகர்த்தினான் அடித்தவன். அவ்வளவு மரியாதை! தலைவர் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு இளித்தான். "நல்லா விழுந்துச்சு, கேமராவுல தெளிவாத் தெரியும்."

"டேய், இவர் என் தங்கச்சி புருஷன்டா!"

அவன் குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய உதவி செய்கிறவனைப்போல, காதோடு சொன்னான். "தெரியாமலா தலைவரே. இந்த மாப்பிள்ளை விஷயத்தை உங்களால வாய்விட்டுச் சொல்ல முடியாது. எங்களுக்குப் புரியாதா?"

 புரியாததை எல்லாம் புரிந்துகொண்டு நிற்கிறார்கள். சொல்லாததை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். யாரிடம் போய் முறையிட?

சுத்தியல் மூச்சு வாங்க ஓடி வந்தான். தலைவர் அவன் சட்டையைப் பிடித்து வாயில் குத்தினார். மறுபடி குத்தினார். உதடு கிழிந்து பல் ஒன்று ரத்தத்தோடு தெறித்தது. கூட்டம் ஆரவாரித்தது. சுத்தியல் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் நண்பன் தன்மேல் கை வைத்ததில்லை என்பது அவனுக்குத்தானே தெரியும்.

"நிஜமாத்தான் சொல்றியா?" என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டு.

"நிஜம்டா. அவனைக் கொன்னுடுவாங்க. நீ சொல்லு, நீ சொன்னா கேப்பாங்க."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க. என்னை அவங்க குரைக்கிற நாய்னுதான் வெச்சிருக்காங்க. அவிழ்த்துவிட்டது நீ. கூப்பிட வேண்டியதும் நீதான்." சுத்தியல் கீழே விழுந்து கிடந்த ஒலிபெருக்கியை எடுத்து அவர் கையில் அழுத்தினான். "ஆனா, 'நான் சொல்லலை'ன்னு சொல்லாதே. நீதான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு. அதை நீ கேமராவுக்கு எதிரே எந்த ஜென்மத்திலும் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். சொல்லிட்டு நிறுத்தச் சொல்லு. அப்பதான் நாடகம் இல்லைனு நம்புவாங்க."

தலைவர் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். கேமரா பக்கத்தில் வந்துவிட்டது. நிருபர் பெண் முழங்காலில் உட்கார்ந்து மைக்கை நீட்டினாள். சொன்னால் தேர்தல் போச்சு. கட்சி போச்சு. ஜெயில். சொல்லாமல் வேறு எதையாவது சொல்லி முடிக்க ஒரு வழி இருக்காதா என்று அந்த மனசு தேடியது. பழகின மனசு அல்லவா, தேடத்தானே செய்யும். என்னால் அவரை மன்னிக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான். தேடின அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒருவன் ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கிய கம்ப்ரசரை, அந்த உருண்டை இரும்பை, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி மாப்பிள்ளையின் தலையில் போட்டான். தலையை மூடியிருந்த கைகள் விலகி விழுந்தன.

அப்புறம் சொன்னார்.

"அவன் பேசினது என் பேச்சு! அக்கரைக்காரனை இந்தத் தெருவை விட்டே துரத்தணும்னு நினைச்சவன் நான். அவனைப் பேச வெச்சவன் நான். இத்தனை நாளா இல்லை இல்லைன்னு சொன்னது பச்சைப் பொய். அதே நான் சொல்றேன், போதும்! கையிலிருக்கிறதைக் கீழே போடுங்க!"

யாரும் விசிலடிக்கவில்லை. குழாய் வைத்திருந்தவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தான். ஒவ்வொருவராக வழியை விட்டு நகர்ந்தார்கள். அவர்கள் முகத்தில் கோபம்தான் இருந்தது. காட்டிக்கொடுத்துவிட்டாரே என்ற கோபம்.

போலீஸ் ஜீப்பிலேயே மாப்பிள்ளையைக் கிடத்தினார்கள். தங்கை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே மூச்சு அடங்கிவிட்டது. டாக்டர் வெளியே வந்து கையை விரித்தபோது, அவள் தெரியும் என்பதுபோலத் தலையசைத்தாள். அவள் கையிலும் புடவையிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தலைவர் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டார். தட்டிவிடவில்லை. 

கட்சிச் செயலாளர் வந்து சேர்ந்தார். துக்கம் விசாரித்த கையோடு தலைவரைத் தூண் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"டிவியில எல்லாம் அதேதான் ஓடுது. ஒண்ணும் கெட்டுப்போகலை. யோசிச்சுப் பாருங்க. தங்கச்சி புருஷனைக் காப்பாத்தறதுக்காக, செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்ட மனுஷன். இதைவிட என்ன வேணும்? தியாகி ஆயிட்டீங்க! சுத்தியல்கிட்டயும் பேசிட்டேன்."

சுத்தியல் வெளியே மரத்தடி பெஞ்சில், வீங்கின வாயில் ஈரத்துணியை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைவரைப் பார்த்துக் கையாட்டினான். "என் பேரைப் போட்டுக்கச் சொல்லு. காதே போச்சு, ஜெயில் எம்மாத்திரம்?" அந்தப் பாவி அதையும் மனசாரத்தான் சொன்னான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எல்லாம் பழையபடி கூடி வந்தது. பாக்கி தங்கை ஒருத்திதான். செத்தவனின் பெண்டாட்டி, "ஆமாம், என் புருஷனுக்காகத்தான் அண்ணன் அப்படிச் சொன்னார்" என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், தலைவரை இந்த உலகத்தில் யாரும் அசைக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் புகார் எழுத வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"தூண்டிவிட்டது யாரும்மா? அந்தச் சுத்தியல் பேச்சுதானே? உங்க அண்ணன் ஸ்பீக்கர்ல சொன்னது, கூட்டத்தை நிறுத்தறதுக்காகச் சொன்னது. அப்படித்தானே?"

தங்கை இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. "அண்ணா, நீயே சொல்லு" என்றாள்.

ஒரு கதவு திறந்திருந்தது. கூடப்பிறந்தவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் செயலாளரைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதுகொண்டுதான் இருந்தார்.

"அந்த நேரத்துல வேற வழி தெரியலைம்மா. மாப்பிள்ளையைக் காப்பாத்தணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

 அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோங்க சார். முதல்ல எங்க அண்ணன் பேரை எழுதுங்க. போன வாரம் அண்ணிக்கு உடம்பு சரியில்லைன்னு அங்க போயிருந்தேன். சமையலறையில நின்னேன். 'பாலத்தடித் தெரு காலியானாத்தான் இந்தத் தடவை கரையேற முடியும், ஏதாவது பேசேன்டா'ன்னு இவர் சுத்தியல்கிட்டச் சொன்னார். என் காதால கேட்டேன்."

"குட்டிம்மா..." என்றார் தலைவர்.

"கேட்டுட்டு ரெண்டு பேருக்கும் காபி கொண்டுபோய் வெச்சேன். வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரர் கேக்கறார், 'உங்க அண்ணன் என்ன சொல்றார், கடையைக் கொஞ்ச நாள் மூடிட்டு எங்கயாவது போயிடலாமா?'ன்னு. எங்க அண்ணன் இருக்கும்போது எதுக்கு பயப்படறீங்கன்னு நான்தான் சொன்னேன். அதனால என் பேரையும் எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறக்கவில்லை. செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். அவள் எட்டி இன்ஸ்பெக்டர் கையிலிருந்து பேனாவையும் தாளையும் வாங்கிக்கொண்டாள். தாளை மடியில், ரத்தம் படாத இடமாகப் பார்த்து வைத்து, அண்ணன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுசாக எழுதினாள். அதன் கீழே தன் பெயரை எழுதும்போது அப்பா பெயரை இன்னொரு தடவை எழுத வேண்டியிருந்தது.